வீட்டைக் காட்டும் அம்பு

ஜூன் 4

நல்ல ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவாகிவிட்டது. கையில் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பதற்கென்றே செய்த கருவி. போன் இதற்கு லாயக்கில்லை என்பது போன வெள்ளிக்கிழமை தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் காலையில் அனுவாவி மலையடிவாரத்துக்கு ஒரு டப்பாவைத் தேடிப் போனார். வழியில் போன் சார்ஜ் இறங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். தடாகம் ரோட்டில் ஒரு செங்கல் சூளை ஓரமாக நின்றுகொண்டிருந்தவரைப் பால்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிவந்து விட்டார். சட்டைப் பையில் ஆதார் அட்டை இருந்ததால் விலாசம் கிடைத்திருக்கிறது.

"அய்யாவுக்கு வீடு எங்கன்னு சொல்லத் தெரியலீங்க" என்றார் பால்காரர். வெயிலில் அவ்வளவு நேரம் நின்றால் யாருக்கும் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

புனேயிலிருந்து மகள் நவீனா கூப்பிட்டாள். பக்கத்து வீட்டம்மா அதற்குள் சொல்லியாகிவிட்டது. "கேட்டைப் பூட்டி சாவிய நீ வெச்சுக்கம்மா. அந்தப் பக்கம் யானை வேற எறங்குது" என்றாள்.

"உங்கப்பாவ ஜெயில்ல போடச் சொல்றியா?"

"அம்மா, எனக்கு மட்டும் ஆசையா? சரி, ஒண்ணு பண்ணு. இந்த மாசக் கடைசில ஒரு நாள் தனியா விட்டுப் பாரு. அப்பா தன்னால வீடு வந்து சேந்துட்டாருன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா பூட்டிரணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வழி தவறியது கருவியின் கோளாறு. கருவியை மாற்றினால் சரியாகிவிடும். ராத்திரிக்குக் கோதுமை ரவை உப்புமா.

ஜூன் 6

காலையெல்லாம் கருவிகளைப் பற்றிப் படித்தேன். ஒவ்வொருவன் ஒவ்வொன்று சொல்கிறான்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். எங்கள் வீட்டில் அது டப்பா தேடுவது, அவ்வளவுதான். யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் காகிதமும் பென்சிலும் போட்டு, பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு, பதக்கம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியராக இருந்தபோது ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார். கூடப் போனவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கிவந்தார்கள், இவர் இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஜோடிகள் கல்யாண வீட்டுக்குப் போனால் நாங்கள் முள்ளுக்குள் கை விட்டுக்கொண்டிருப்போம்.

இனி கருவி. தொடுதிரை வேண்டாம். மழைத்துளி பட்டால் அது தானாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அது மட்டுமில்லை, இப்போதெல்லாம் இவருடைய விரல் திரைக்கு மேலே போய் அப்படியே நின்றுவிடுகிறது. பொத்தான் என்றால் மேடு விரலுக்குத் தட்டுப்படும். உள்ளேயே பொதிந்த பேட்டரியும் வேண்டாம். பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் செல் போடுகிற மாதிரி இருக்கவேண்டும். வண்ண வரைபடம் அழகுதான், ஆனால் வெயிலில் தெரிவதில்லையாம். அம்பு பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல்லது.

ஜூன் 7

சாரல். துணி காயவில்லை. இவர் இன்று இரண்டு தடவை குளித்தார்.

ஜூன் 10

காந்திபுரத்தில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரப் பையனுக்கு முப்பது வயதிருக்கும். முதலில் எங்களைப் பார்த்து, பேரனுக்குப் பரிசு வாங்க வந்தவர்கள் என்று நினைத்தான்.

இவர் கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல திசைகாட்டி நடந்தாத்தான் வேலை செய்யுமா, நின்னாலுமா?" என்று கேட்டார். பையன் விழித்தான். "சும்மா நின்னாலும் அம்பு சரியாத் திரும்பணும் தம்பி. டப்பாகிட்டப் போனப்பறம் யாரும் ஓடிட்டா இருப்பாங்க? நின்னு நின்னுதான தேடணும்." எத்தனை செயற்கைக்கோள் தொகுதிகளைப் பிடிக்கும், மரத்தடியில் எவ்வளவு மீட்டர் பிசகும் என்றெல்லாம் அடுத்தடுத்துக் கேட்டார். பையன் உள்ளே போய் முதலாளியைக் கூப்பிட்டுவந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. நவீனா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இவர் அந்தப் பக்கம் காலணிகளைப் பார்க்கப் போனதும் முதலாளி மெல்லக் கிட்டே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சார் மூணு தடவை அதே கேள்வியைக் கேட்டாருங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உங்களுக்கு வேண்டியது இதில்லீங்க. வெளிநாட்டுல வேட்டை நாய்க்குக் கழுத்துல மாட்ற ஒரு மாடல் இருக்குது. பட்டை அதுங்கிட்ட, திரை நம்மகிட்ட. எங்க போனாலும் நமக்குக் காட்டிக் குடுத்துரும். நாங்க அதைத்தான் இடுப்புல கட்டி விட்டிருந்தோம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர்ச் சண்டை, சாவுச் செய்தி எல்லாம் காது வழியாகப் போகும், முகம் மாறக்கூடாது. அந்தப் பழக்கம்தான் போல.

"இவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சுட்டாப் போதுங்களா? வீடு எங்க இருக்குதுன்னு இவருக்குத் தெரியணுமல்லோ" என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். பக்கத்து பேக்கரியில் காபி சொன்னோம். இவர் பாதி குடித்துவிட்டு, "சீக்கிரம் போலாம், மணி வீட்ல தனியா இருப்பா" என்றார். மணி என்பது நான்தான். வசந்தாமணி. பஸ் அலைச்சல் இவருக்கு ஆகாது. இனிமேல் ஆட்டோவில்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஜூன் 12

பொத்தான் வைத்த கருவியையே வாங்கிவிட்டேன். கைக்கு அடக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். கழுத்தில் மாட்டக் கயிறு உண்டு. அஞ்சு பொத்தான்தான். திரையில் வரும் பக்கங்களில் ஒன்றில் அம்பும் தூரமும் மட்டும் தெரியும், வேறெதுவும் கிடையாது. அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவைத்துவிட்டேன்.

நவீனாவுக்குப் படம் அனுப்பினேன். "ஏம்மா, சிம் போட்ட டிராக்கர் வாங்கியிருந்தா நான் இங்கிருந்தே பாத்திருப்பனே" என்றாள். நாய்ப்பட்டை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அவள் ஒரு எண் பூட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாளாம், கூரியரில் வருமாம்.

ஜூன் 15

இன்று நன்றாக இருந்தது. அதை எழுதி வைக்க வேண்டும்.

நொய்யல் வாய்க்கால் பக்கம் பழைய டப்பா ஒன்று உண்டு. அதன் எண்களை நான்தான் கருவியில் ஏற்றினேன். இருவரும் அம்பைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்துவிட்டோம். ஆடுகளெல்லாம் எழுந்து நின்று எங்களைப் பார்த்தன. பட்டிக்காரம்மா, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கொம்போடு வந்தாள்.

இவர் கருவியை வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மணி, புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கறது நிமிஷத்தோட பின்னம். நீ அதை நொடின்னு போட்டிருக்கற. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆட்டுக்குட்டிதான் கெடைக்கும்."

"ஆமா, நான் என்ஜினியருக்கா படிச்சேன்?"

"எக்ஸ்சேஞ்சுல இப்படித்தான் ராங் நம்பர் போட்டுக் குடுத்தியா?"

அவரே எண்களைத் திருத்தினார். பொத்தான்களில் விரல் தயங்காமல் ஓடியது. வாய்க்கால் மதகின் கல்லிடுக்கில் டப்பாவை எனக்கு முன்னால் எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது இளநீர் குடித்தோம். டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிற நோயின் பெயரை நான் இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததே நல்லது என்று இன்று தோன்றியது.

ஜூன் 16

பூட்டு வந்துவிட்டது. ஃபிரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். கனமான பூட்டு.

ஜூன் 19

ஒத்திகை பார்த்தேன். பூங்கா வேலியோரம் ஒரு டப்பா உண்டு, அதைக் கருவியில் போட்டு இவரைத் தனியாக அனுப்பிவிட்டு, நான் குடையை விரித்துக்கொண்டு தூரத்தில் பின்னாலேயே போனேன். யாராவது பார்த்தால் புருஷனை உளவு பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டப்பாவை எடுத்தார், பெயர் எழுதினார், திரும்ப வைத்தார். எல்லாம் கச்சிதம். அதன்பிறகு தெருமுனைக்கு வந்து நின்றார். வலது பக்கம் திரும்பினால் வீடு. இவர் கருவியைப் பார்த்தார். அம்பு இன்னும் அந்த டப்பாவையே காட்டிக்கொண்டிருந்திருக்கும். அது சொல்லிக்கொடுத்ததைத்தானே காட்டும்? இவர் நின்றார். ஒரு லாரி போனது, ஒரு பள்ளிக்கூட வேன் போனது, இவர் நின்றுகொண்டே இருந்தார்.

நான் போய், "வாங்க" என்றேன். கூடவே வந்தார்.

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். கருவியில் வீட்டைக் குறித்துவைக்க ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்த வேண்டும் என்று இவருக்குத் தோன்ற வேண்டுமே. வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற நினைப்பு வந்தால்தானே ஒருவர் அந்தப் பொத்தானைத் தேடுவார். டப்பா இருக்கிறது என்றால் மட்டும் இவர் கால் தானாகப் போகிறது.

சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கும்போது யோசனை வந்தது. வீட்டிலேயே ஒரு டப்பாவை ஒளித்துவைத்தால் என்ன?

ஜூன் 21

சமையலறையிலிருந்து காற்றுப் புகாத சின்ன டப்பா ஒன்றை எடுத்தேன். பெருங்காயம் வைத்திருந்தது, எவ்வளவு கழுவியும் வாசம் போகவில்லை. வெளியே பச்சை டேப் சுற்றினேன். உள்ளே காகிதம், பென்சில், ஈரம் இழுக்கிற பொட்டலம். கேட்டுக்கு உள்பக்கம், மதிலில் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே, செங்கல் பெயர்ந்த பொந்தில் வைத்தேன். பார்த்தால் தெரியாது, தேடினால் கிடைக்கும். ஒளிப்பதில் அதுதான் சூட்சுமம் என்று இவர்தான் சொல்வார்.

அந்த இடத்தின் எண்களை எடுப்பதற்குக் கருவியை அங்கேயே கொஞ்ச நேரம் அசையாமல் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சில மீட்டர் பிசகி எதிர்வீட்டைக் காட்டிவிடும். மதில் மேல் வைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, வெயில்ல காய வெச்சிருக்கீங்க?" என்றாள். "ஆமாங்க, வத்தல்" என்றேன். அவள் போய்விட்டாள்.

இவர் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் எதையோ திருடுவது மாதிரி எனக்கே இருந்தது.

ஜூன் 24

நவீனா: "எப்பம்மா பாக்கற?" நான்: "மழை விடட்டும்." நவீனா: "மழை விடாதும்மா, இது ஜூன் மாசம்."

ஜூன் 27

இன்று பார்த்தாயிற்று. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சாப்பிட்டதும் எங்கள் வீட்டு டப்பாவின் எண்களை ஏற்றி, கருவியை இவர் கழுத்தில் மாட்டினேன். "புதுசா ஒரு டப்பா போட்டிருக்காங்களாம். கல்வீரம்பாளையத்துல எறங்கி நடக்கணுமாம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஷூவை இவரே போட்டுக்கொண்டார். தெருமுனை ஆட்டோக்கார மருதாசலத்திடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். கல்வீரம்பாளையம் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வந்துவிட வேண்டும், கூடப் போகக்கூடாது. "மனசு கேக்க மாட்டீங்குதுங்கக்கா" என்றார் அவர். ஆனாலும் சொன்னபடி இறக்கிவிட்டு வந்தார்.

நான் வாசலைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். அரிசி கழுவி வைத்தேன். பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

குக்கர் அடங்கியபோது தெருக்கோடியில் தெரிந்தார். லேசான தூறல். கருவியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நிமிராமல், அடி அடியாக வந்தார். முருங்கை மரத்தைத் தாண்டினார், எதிர்வீட்டுக் காரைத் தாண்டினார், எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றார். வந்துவிட்டார். தன்னால் வந்துவிட்டார். நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு கேட்டருகே ஓடினேன். சந்தோஷம், அதை மறைப்பானேன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே கருவியைச் சட்டைக்குள் போட்டார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க, சொல்லுங்க" என்று பேசத் தொடங்கினார். போன் திரை கறுப்பாக இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. டப்பா இருக்கிற இடத்தில் வெளியாள் யாராவது நின்றால் தேடக்கூடாது. பார்த்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் போன் பேசுகிற மாதிரி, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி ஏதாவது பாவனை செய்துகொண்டு, அந்த ஆள் நகரும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் இருவரும் எத்தனையோ இடத்தில் அப்படிக் காத்திருந்திருக்கிறோம்.

இன்று அந்த வெளியாள் நான்.

"என்னங்க" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்தார். மரியாதையாகச் சிரித்தார். "ஒண்ணுமில்லீங்க. சும்மா தூறலுக்கு ஒதுங்குனேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார்.

நான் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேறு என்ன செய்வது? சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சொந்த வீட்டு மதிலைத் தடவினார், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பார்த்தார், பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். செங்கல் பொந்தில் கை விட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காக நான் பார்த்த அதே முகம். பெயர் எழுதினார். டப்பாவை இருந்தபடியே வைத்து, கலைந்த மண்ணைக் கையால் நிரவினார். பிறகு கேட்டுக்கு வெளியே போய், சத்தம் வராமல் சாத்திவிட்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்.

செருப்புக்கூடப் போடாமல் பின்னால் போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழக்கமில்லை. "ஏனுங்க" என்றால் யாரையோ கூப்பிடுவதாக நினைத்து நடந்துகொண்டே இருக்கிறார். அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"டப்பா கெடச்சுதுங்களா?" என்றேன்.

சட்டென்று என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களும் ஆடறவங்களா?"

"ஆமாங்க. நானும் தேடிட்டுத்தான் வந்தேன். அடுத்தது உள்ள இருக்குதுங்க. அந்த வீட்டுக்குள்ள."

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள போலாங்களா?"

"கேட்டுட்டேங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கூட வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு விருந்தாளி கழற்றுகிற மாதிரி. "எங்க வீட்டுக்காரி இருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பாங்க. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. இன்னைக்கு அவ வரலை" என்றார்.

"அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அதன்பிறகு இருவரும் தேடினோம். டி.வி.க்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சாமி அலமாரியில். வீட்டுக்குள் டப்பா எதுவும் கிடையாது, அது எனக்குத் தெரியும். கான்கிரீட் கூரைக்கு அடியில் கருவிக்குச் செயற்கைக்கோள் கிடைக்காமல் அம்பு சுற்றிச் சுற்றி வந்தது. "நல்லாத்தான் மறைச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தேடிக் களைத்துச் சோபாவில் உட்கார்ந்தார். சாதம் பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜ் மேலிருந்து பூட்டை எடுத்துப்போய் கேட்டில் போட்டேன். அழுகை வரும் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. பெரிய பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு நவீனாவைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. தன்னாலயே வந்துட்டாரு. ஒரு பிசகுமில்லை."

"அம்மா! அப்ப நான் தோத்துட்டேன். பூட்டைத் தூக்கி உள்ள போட்டுரு."

"கேட்டுக்குப் பூட்டிட்டேன் கண்ணு."

"ஏம்மா?" என்றாள்.

"யானை வருதுன்னு நீதான சொன்ன" என்றேன்.

ஜூன் 28

கடைக்குப் போக வேண்டும். பாசிப்பருப்பு, பென்சில் செல், சீயக்காய். மூடி இறுக்கமாக இருக்கிற சின்ன டப்பாக்கள் வேண்டும், ஒரு அரை டஜன். தினமும் ஒன்றாவது இவர் எழுவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒளித்துவைக்க வேண்டும்.